ஏ பக்கம் ஐந்து

பெளகாவியின் உத்யம்பாக் தொழிற்பேட்டையில் என்னை வால்வு டாக்டர் என்பார்கள். பாதிப் பேர் கேலியாகத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் அதைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அடிவெப்பா என்று அப்பா வைத்த பெயரை ரேஷன் கடைக்காரனைத் தவிர யாரும் உச்சரிப்பதில்லை.

என் கடையில் ஒரு சோதனை மேசை, ஒரு பூதக்கண்ணாடி, கழுவும் தொட்டி, நான். எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் இயந்திரங்களின் சர்வோ வால்வு மட்டும்தான் பார்ப்பேன். அதற்குள்ளே விரல் பருமனில் ஓர் எஃகு உருளை இருக்கும், ஸ்பூல் என்போம். அது முடியளவு இந்தப் பக்கம் நகர்ந்தால் எண்ணெய் ஏ வாய்க்குப் போகும். அந்தப் பக்கம் நகர்ந்தால் பி வாய்க்கு. அந்த முடியளவில் டன் கணக்கான இரும்பு ஏறும், இறங்கும். கரண்ட் இல்லாதபோது ஸ்பூல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு வெளியே ஒரு குட்டித் திருகு உண்டு. சரியாக நடுவில் நிறுத்தினால் ஜீரோ.

இதெல்லாம் தெரியாமலேயே வால்வு வாங்குகிற மகானுபாவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அடியிலுள்ள நாலு துளை பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தினால் மாட்டிவிடுவார்கள். உள்ளே ஸ்பூல் என்ன ஜாதி, எவ்வளவு எண்ணெய் விடும், எவ்வளவு வேகத்தில் பேச்சைக் கேட்கும், ஒன்றும் பார்க்கமாட்டார்கள். பத்துப் பொருத்தத்தில் ஒன்பதை விட்டுவிட்டுச் செய்த கல்யாணம் எத்தனை நாள் ஓடும்? மூன்றாம் மாதம் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். நான் முதலில் வயிறு நிறையத் திட்டுவேன், பிறகு வால்வைத் திறப்பேன். இப்படி ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவன் செய்த வேலையைத்தான் சொல்ல வருகிறேன்.

பூனாவிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்திருந்தான். மீசை சரியாக முளைக்காதவன். நான் பழுது பார்த்த வால்வு ஒன்றை அவன் கம்பெனி மேசையில் வைத்து அளந்தானாம். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "அங்கிள், உங்க ஜீரோ ஜீரோவா இல்லியே. ரெண்டு பர்சன்ட் சாஞ்சிருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. சோள ரொட்டியை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழுந்தேன்.

அன்றிலிருந்து என் கையால் போகிற எந்த வால்வும் அச்சு அசலான ஜீரோவில்தான் போகும் என்று வைராக்கியம். அரை நாள் உட்கார்ந்து திருகுவேன். முள் நடுக்கோட்டில் அசையாமல் நின்றால்தான் லாக் நட்டை இறுக்கி, தலையில் ஒரு பொட்டு சிவப்பு நகப்பாலிஷ் வைப்பேன். அதற்கப்புறம் வேறு எவனாவது தொட்டால் பாலிஷ் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ருத்ரகௌடாவின் வால்வு வந்தது. கௌடா, டிராக்டர் உதிரிப் பாகங்களை டை என்கிற இரும்பு அச்சில் வைத்துப் பிரஸ்ஸால் அழுத்தி எடுக்கும் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். என்னோடு ஐடிஐயில் படித்தவன். வால்வோடு வந்த வேலை அட்டையில் அவன் கோழிக் கிறுக்கலில், 'கழுவிச் சரிசெய்யவும். ஏ பக்கம் ஐந்து' என்று எழுதியிருந்தது. அதாவது ஜீரோவில் நிறுத்தாமல் ஸ்பூலை ஏ பக்கம் ஐந்து சதவீதம் சாய்த்து வைக்க வேண்டும்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டுப்பாட்டு கார்டு கோளாறாக இருக்கும், அதைச் சரிபண்ண வக்கில்லாமல் வால்வைச் சாய்க்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஒரு போன் போட்டு ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டாக்டர் போய் கம்பவுண்டரிடம் கேட்பதா? கிண்ணென்று ஜீரோவில் நிறுத்தினேன். ஆனால் சோதனைத் தாளில் அட்டையில் உள்ளது இல்லாவிட்டால் கௌடாவின் ஸ்டோரில் வாங்கமாட்டார்கள். அதனால் 'ஏ பக்கம் ஐந்து, சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேசையில் ஒன்று, தாளில் ஒன்று. அப்போது அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை, வியாபார நெளிவு சுளிவு என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கௌடாவின் போன் வந்தது.

"டாக்டரே, எங்க ஆளு சத்தெப்பா கை மாட்டிக்கிச்சு."

"எதுல?"

"மூணாம் நம்பர் பிரஸ்ல. நீ பண்ணிக் குடுத்தியே, அந்த வால்வு இருக்கிற பிரஸ். மாட்டினப்பறம் இன்னைக்குத்தான் முதல் தடவ கரண்ட் போச்சு. அவன் எப்பவும் போல டையைத் துடைக்கக் கைய விட்டான். பிரஸ் தலை மெதுவா இறங்கியிருக்கு. சத்தமே இல்ல. கிளவுசு சிக்கிக்கிச்சு, இழுக்க முடியல."

"எப்பவும் போலன்னா?"

"கரண்ட் போனா அந்தப் பிரஸ் தலை தானா மேல போகும்யா. வருஷக் கணக்கா அப்படித்தான். கரண்ட் கட் ஆனாதான் பசங்க டையே துடைப்பாங்க. முட்டுக்கட்டைகூட வெக்க மாட்டாங்க."

என் கையிலிருந்த சாமணம் கீழே விழுந்தது. ஏ பக்கம் ஐந்து எதற்கு என்று அந்த நொடியில் புரிந்தது. கரண்ட் நின்றாலும் தொட்டியில் சேர்த்து வைத்த அழுத்தம் கொஞ்ச நேரம் இருக்கும். ஸ்பூல் தூக்கும் பக்கம் சாய்ந்திருந்தால் அந்த அழுத்தம் மூன்று டன் தலையைத் தானாகவே மேலே கொண்டுபோய்விடும். ஆள் கையை விட்டாலும் ஆபத்தில்லை. நான் அதைப் பிடுங்கி நடுவில் நிறுத்தியிருக்கிறேன். நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் தள்ளாது. எடை உள்ள தலை கசிவில் கீழே இறங்கத்தானே செய்யும்?

"கேக்குதா?" என்று கௌடா கத்தினான். "கரண்ட் வந்த அடியில கார்டு எரிஞ்சு போச்சு. பட்டன் எதுவும் வேலை செய்யல. பம்ப் மட்டும் ஓடும். உன் தாள்ல ஏ பக்கம் அஞ்சுன்னு இருக்கு. சரி, பம்ப போட்டா தானா தூக்கும்னு பாத்தா, வரைபடத்துல ஏ வாய் சிலிண்டருக்கு மேல போகுதுன்னு போட்டிருக்கான். மேல எண்ணெய் போனா தலை கீழல்ல வரும்? எதுய்யா சரி? பம்ப போடட்டுமா வேணாமா?"

"போடாத."

"ஏன்?"

அந்த 'ஏன்'னுக்குப் பதில் என் வாயில்தான் இருந்தது. 'கௌடா, நான் ஜீரோவில் வைத்துவிட்டேன், தாளில் எழுதியது பொய்.' இவ்வளவுதான், சொல்ல மூன்று விநாடி ஆகும். அவன் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள், எல்லோர் காதிலும் விழும் என்று நினைத்தேன்.

"போடாதன்னா போடாத. நான் வரேன்."

"அதுவரைக்கும் இவன் கைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? ஜாக்கி குடுத்துத் தூக்கட்டா?"

"எதையாவது பண்ணு. பம்ப் மட்டும் வேணாம்."

போனை வைத்துவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜ், குழாய், ஆலன் சாவி எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பாதி வழியில்தான் ஜாக்கி ஞாபகம் வந்தது. ஸ்பூல் நடுவில் நிற்கிறது. நடுவில் நின்றால் சிலிண்டரின் மேல்பக்க எண்ணெய் அடைபட்டுக் கிடக்கும். ஜாக்கி எவ்வளவு முட்டினாலும் தலை நேராக எழும்பாது, கோணிக்கொள்ளும். கோணினால் மறுபக்கம் இன்னும் கீழே அமுங்கும். ஓரமாக நிறுத்தி கௌடாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, ஊரே வேடிக்கை பார்க்கிற மாதிரி நிதானமாக வந்துகொண்டிருந்தது. நான் ஸ்கூட்டரை அங்கேயே சாத்திவிட்டுக் கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடினேன். கேட்காரன் என் பரம்பரையையே திட்டினான். அந்தப் பக்கம் நின்ற பால் வண்டிக்காரனிடம், "ஒரு ஆள் கை போகப்போகுதுப்பா, கொண்டு போய் விடு" என்று கும்பிட்டேன். அவன் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் மல்லையா, மல்லையா என்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். கோயிலுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

நான் உள்ளே நுழையும்போது ஜாக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் முன்னால் ஒரு ஸ்டூலில் சத்தெப்பா உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே. நாற்பது வயது, ஆறடி ஆள், சின்னப் பிள்ளை மாதிரி குறுகிப்போயிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான்.

"வந்துட்டீங்களாண்ணா. முதல்ல இந்தக் கௌடாவ தூரப் போகச் சொல்லுங்க. அழுதே என்னைச் சாகடிச்சிருவான்."

"ஜாக்கி வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

கௌடா என் கண்ணைப் பார்க்கவில்லை. "இடது பக்கம்தான் இடம் இருந்துச்சு. வெச்சோம். தலை கோணிக்கிச்சு. இவன் போட்ட சத்தத்துல..." முண்டாசுத் துணியை வாயில் வைத்துக்கொண்டான். "அதுக்கு முன்னாடி விரலெல்லாம் அசைச்சுக் காமிச்சான்யா. இப்ப அசைய மாட்டேங்குது."

நான் போனில் சொல்லாமல் விட்ட மூன்று விநாடி அங்கே கிடந்தது. ஐயோ என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்த நேரமில்லை.

கைக்குப் பக்கத்தில் ஒரு மரத்துண்டைச் சொருகியிருந்தார்கள். தலையின் எடையில் அது விரிசல் விட்டு, நார் நாராகப் பிரிந்துகொண்டிருந்தது. எடையில் கொஞ்சம் மரத்தின் மேல், கொஞ்சம் சிலிண்டரின் கீழ்ப்பக்க எண்ணெயின் மேல், மீதி சத்தெப்பாவின் கைமேல். மரம் விட்டால் எல்லாம் கைக்குத்தான்.

ஏணி வைத்து ஏறினேன். அந்தப் பிரஸ்ஸில் குழாயைப் பிடித்துக்கொண்டு போய் எது மேல், எது கீழ் என்று பார்க்க வழியில்லை. சிலிண்டரின் உச்சியில் ஓர் இரும்புக் கட்டை, அதன்மேல் நேராக என் வால்வு. வழியெல்லாம் கட்டைக்குள்ளேயே துளைத்திருந்தது. வெளியே இரண்டு சோதனை மூடிகள் மட்டும், ஏ என்றும் பி என்றும் எழுத்து வெட்டியிருந்தது. கையால் தள்ளித் திறக்கிற பொத்தான் இந்த ஜாதி வால்வில் கிடையாது. என்னிடம் இருந்தது அந்தக் குட்டித் திருகு ஒன்றுதான். அதன் தலையில் நான் வைத்த சிவப்புப் பொட்டு கலையாமல் இருந்தது. வேறு எவனாவது தொட்டிருக்கமாட்டானா என்று வழியெல்லாம் நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு வந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எவனும் தொடவில்லை.

திருகைத் தூக்கும் பக்கம் சாய்த்துவிட்டுப் பம்பைப் போட்டால் தலை எழும்பும். தூக்கும் பக்கம் எது? வரைபடம் பி என்கிறது. வேலை அட்டை ஏ என்கிறது. தப்பான பக்கம் சாய்த்தால் பம்பே அந்தக் கையை நசுக்கி முடித்துவிடும்.

"கௌடா, ஏ பக்கம் அஞ்சுன்னு அட்டையில எழுதினியே, யாரு சொல்லி எழுதின?"

"யாரு சொன்னா? பழைய அட்டையில இருந்துச்சு. அத பாத்து எழுதினேன்."

"இந்தக் கட்டைய எப்பவாவது மாத்துனீங்களா?"

"ஏழெட்டு வருஷம் முன்னாடி மாத்தினது. அப்ப ஏறச் சொன்னா இறங்குச்சு, இறங்கச் சொன்னா ஏறுச்சு."

"அதுக்கு என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? பிளக்ல ரெண்டு வயர மாத்திக் குடுத்தாங்க. சரியாயிடுச்சு."

எங்கள் ஊர் வழக்கம் இது. கட்டை தலைகீழாக வந்தால் எவனும் கட்டையைக் கழற்றித் திருப்பமாட்டான். பிளக்கில் இரண்டு கம்பியை இடம் மாற்றுவான், டீ குடிக்கப் போய்விடுவான். வரைபடத்தைத் திருத்துவது யாருடைய வேலையும் இல்லை. அப்படியானால் வரைபடம் பொய், ஏ வாய் சிலிண்டருக்குக் கீழேதான் போகிறது என்று ஆகிறது. ஆனால் அதன் பிறகு இன்னொருவன் வந்து இன்னொன்றை மாற்றியிருந்தால்? கணக்குப் போட்டு ஒரு மனிதனின் கையைப் பந்தயம் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அளந்துதான் பார்க்க வேண்டும். தலையைத் தாங்குவது கீழ்ப்பக்க எண்ணெய். அந்தப் பக்கத்தின் மூடியில் கேஜை மாட்டினால் முள் ஏறும். ஆனால் கேஜ் குழாய் காலியாக இருந்தால் அது நிறைகிற அளவுக்குச் சிலிண்டரிலிருந்து எண்ணெய் வெளியே வரும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் வெளியே வந்தால் தலை அரை மில்லிமீட்டர் இறங்கும். மேசையில் அரை மில்லிமீட்டர் எனக்குத் தூசு. அந்தக் கைக்கு அது என்ன என்று நினைக்கவே முடியவில்லை.

கௌடாவிடம் எண்ணெய் கேட்டு, குழாயையும் கேஜையும் தலைகீழாகப் பிடித்து, குமிழி போகத் தட்டித் தட்டி நிரப்பினேன். பாதி எண்ணெய் சட்டையில் வழிந்தது. கீழே மரம் கிறீச்சென்றது.

"அண்ணா," என்றான் சத்தெப்பா, "தங்கெவ்வாவுக்குச் சொல்லிட்டாங்களா?"

"யாரும் சொல்லல."

"சொல்ல வேணாம். அவளுக்குப் பிரஷரு. வந்தா என்னத்தான் திட்டுவா."

"பேசாம இருடா. ஒரு மயிரளவு இறங்கும். பல்ல கடிச்சுக்கோ."

"கடிச்சு கடிச்சு பல்லே இல்லண்ணா."

ஏ மூடியில் குழாயை வைத்துத் திருகினேன். உள்ளே ஊசி தள்ளி வழி திறந்த கணம் கீழே சத்தெப்பா ஒரு சத்தம் போட்டான். அதை எழுத்தில் எழுத எனக்கு வராது. கேஜைப் பார்த்தேன். முள் எழுந்து இருபத்திரண்டில் நின்றது.

ஏ வாய்தான் கீழ்ப்பக்கம். ஏ வாய்தான் தூக்கும் பக்கம். வரைபடம் பொய், அந்தக் கோழிக் கிறுக்கல் சத்தியம். அட்டையில் எழுதியிருந்தபடி நான் செய்திருந்தால் கரண்ட் போனதும் தலை மேலே போயிருக்கும், சத்தெப்பா டையைத் துடைத்துவிட்டு பீடி பற்றவைத்திருப்பான். வழி தெரிந்துவிட்டது என்று நிம்மதிப்பட வேண்டிய நேரத்தில் அந்த முள் என்னைப் பார்த்து, நீதான், நீதான் என்றது.

ஆலன் சாவியால் சிவப்புப் பொட்டை உடைத்தேன். லாக் நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் கால் சுற்று. இந்த வால்வில் வலம் சுற்றினால் ஏ என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அப்படியும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"கௌடா, பம்ப் அழுத்தத்த நாப்பதுக்கு இறக்கு. தப்பா இருந்தாலும் முழு வேகத்துல இடிக்கக் கூடாது."

"தப்பா இருக்குமா?" அவன் குரல் கீச்சிட்டது.

"இருக்காது. இறக்கு."

"இறக்கிட்டேன்."

"போடு."

பம்ப் உறுமியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். தலை அசையவில்லை. நாலு, ஐந்து. மரத்துண்டு டப்பென்று பிளந்து விழுந்தது. யாரோ அம்மா என்றார்கள், நானாகக்கூட இருக்கலாம். பிறகு தலை எழும்பியது. அவசரமே இல்லாமல், வருஷக் கணக்காகக் கரண்ட் போகும்போதெல்லாம் செய்த மாதிரியே, மெதுவாக மேலே போனது.

சத்தெப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கையைத் துணியில் சுற்றியிருந்தார்கள். நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. எலும்பு குறுக்குவாட்டில் திருகி நொறுங்கியிருக்கிறது, நேராக அமுங்கியிருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கௌடா வந்து சொன்னான். அவனுக்கு அது ஒரு செய்தி. குறுக்குவாட்டில் திருகியது ஜாக்கி என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். கார்டை மாற்றி, பிரஸ்ஸைப் போட்டு, மெயினை நிறுத்தச் சொன்னார். கரண்ட் போனதும் தலை தானாக மேலே போனது. என் சோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். ஏ பக்கம் ஐந்து. வால்வைக் கழற்றி அளந்தார்கள். ஏ பக்கம் ஐந்தரை. ஏணியில் நின்று, கீழே இருந்த யாரும் கவனிக்காமல், நான் திருப்பிய கால் சுற்று, ஒன்பது நாள் முன்னால் எழுதிய பொய்யை மெய்யாக்கியிருந்தது.

"பாத்தீங்களா சார்," என்று கௌடா பெருமையாகச் சொன்னான், "எங்க டாக்டர் கை வெச்ச வால்வு. ஆபத்துல வந்து காப்பாத்தினதும் இவர்தான்."

"அப்ப வால்வுல குறையில்ல. முட்டுக்கட்டை வெக்காம கைய விட்டிருக்கார்," என்றார் ஆய்வாளர். "தொழிலாளியோட கவனக்குறைவு." எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேன். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். தூ, நானும் ஒரு மனுஷன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலிலேயே தங்கெவ்வாவின் குரல் கேட்டது. சத்தெப்பாவின் பெண்டாட்டி, ஒல்லியான உருவம், குரல் மட்டும் சந்தையில் மிளகாய் விற்கிற குரல்.

"கண்ணு எங்க வெச்சிருந்த? முட்டுக்கட்டை வெக்கணும்னு ஒனக்குத் தெரியாதா? ஆபீசரே எழுதிட்டுப் போயிட்டாராம், கவனம் இல்லாதவன்னு. ஊரே சொல்லுது. பொண்ணைப் பாக்க வரவங்க கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஒங்கப்பன் கவனம் இல்லாம கைய விட்டான்னா?" திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே அவனுக்குக் கரண்டியில் கஞ்சி ஊட்டினாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து காலைத் தொடக் குனிந்தாள். "நீங்க இல்லாட்டி மணிக்கட்டே போயிருக்கும்ணா." நான் பின்னால் துள்ளி விலகினேன், கட்டிலில் இடித்துக்கொண்டேன்.

சத்தெப்பா கண்ணை மூடியிருந்தான். "அண்ணா, ஒண்ணு கேக்கவா? நேத்துலேர்ந்து இதே நெனப்பாயிருக்கு. கரண்ட் போனா அது மேல போகும். எத்தன வருஷமா பாக்குறேன். அன்னைக்கு மட்டும் ஏன் இறங்குச்சு? ஒருவேள அது எப்பவுமே மேல போகலியோ, நாந்தான் அப்படி நெனச்சுக்கிட்டேனோ? எனக்கே கிறுக்குப் புடிச்ச மாதிரி இருக்கு."

"மேலதான் போகும் சத்தெப்பா. நீ நெனச்சது சரி."

"அப்பறம்?"

சொன்னேன். பூனாக்காரன், டீக்கடைச் சிரிப்பு, ஜீரோ, பொய்த் தாள், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. அவன் கண்ணைத் திறக்காமல் கேட்டான். கடைசியில் பெருமூச்சு விட்டான். அதில் கோபம் இருக்கும் என்று காத்திருந்தேன். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க வலது கையைத் தூக்கினான், பேண்டேஜைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டான்.

"அப்ப நான் கவனம் இல்லாதவன் இல்ல."

"இல்ல."

"அத அந்த ஆபீசர்கிட்ட சொல்லுவீங்களா?"

"நாளைக்கு முதல் வேலையா போறேன். எழுதியே குடுக்கறேன்."

"இவகிட்டயும் சொல்லுங்க. நேத்துலேர்ந்து திட்டிட்டே இருக்கா."

அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் போடுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"கௌடர் சொன்னாரு, ஒங்களுக்குப் போன் பண்ணாராம்," என்றாள். அந்த மிளகாய்க் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "ஜாக்கி வெக்கட்டுமான்னு கேட்டாருல்ல. அப்பவே ஒங்களுக்கு இது தெரியுமா?"

வார்டில் மற்ற கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்மா," என்றேன்.